சஃபாரி: சட்டகத்துக்கு வெளியே

சஃபாரி என்ற சொல் எங்கள் ஊருக்குத் தையற்கடை வழியாகத்தான் வந்து சேர்ந்தது. சுத்துக்கேணி, காட்டேரிக்குப்பம் பக்கத்தில் ஒரு காலத்தில் வாத்தியார்கள், மில் சூப்பர்வைசர்கள், பொண்ணு பார்க்கப் போகும் மாப்பிள்ளைகள் எல்லாரும் சஃபாரி தைத்துக்கொண்டார்கள். நாலு பாக்கெட், தோளில் பட்டை, சட்டையும் பேண்ட்டும் ஒரே துணி. அப்புறம் சஃபாரி என்று ஒரு பெட்டி வந்தது. 1998இல் டாட்டா கம்பெனி அதே பெயரில் ஒரு காரே விட்டது. அந்த நாலு பாக்கெட்டும் ஆப்பிரிக்கப் புல்வெளியில் தோட்டா போட்டு வைத்துக்கொள்ள வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் தைத்துக்கொண்ட பாக்கெட்டுகளின் வம்சம் என்பது எங்கள் டெய்லருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவர்களுக்கும் தெரியாது. சொற்கள் இப்படித்தான் தம் பிறப்பை மறைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகின்றன.

சென்ற பொங்கலுக்குப் பாரீஸிலிருந்து வந்திருந்த பெரியப்பா மகன், தான் கென்யாவில் மாசாய் மாரா போய் வந்ததை டிவியில் போட்டுக் காட்டினார். பெரியப்பா சொல்தா. (புதுச்சேரிக்கு வெளியே இருக்கும் வாசகர்களுக்கு: பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்த நம்ம ஊர்க்காரர்களைச் 'சொல்தா' என்போம்.) இரண்டு தவணையாக ஆறு வருஷம் ஜிபூத்தியில் இருந்தவர். "ஆறு வருஷத்துல ஒரு சிங்கம்கூட நான் பாக்கல. ஆடு பாத்தேன், ஒட்டகம் பாத்தேன், மனுஷங்களப் பாத்தேன்" என்பார். அண்ணன் பத்து நாள் போனார், பதினோரு சிங்கம் பார்த்துவிட்டார். வீடியோவில் மாரா ஆற்றை வில்டபீஸ்ட் மந்தை கடக்கிறது. ஆயிரம் ஆயிரமாய் வந்து விழுகின்றன. முதலை ஒன்று பிடித்து இழுக்கிறது. எல்லாரும் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, காலமெல்லாம் மாடு வைத்திருந்த எங்கள் ஆயா கேட்டது:

"இவ்ளோ பெரிய மேய்ச்ச பூமியில மாடு மேய்க்கிறவன் ஒருத்தன்கூடவா இல்ல?"

"அது பார்க்கு ஆயா. அங்க யாரும் இருக்க மாட்டாங்க."

"இருக்க மாட்டாங்களா, இருக்க வுடலயா?"

அண்ணன் சிரித்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போனார். அதில் மனிதர்கள் வந்தார்கள். இரவு விடுதியில் சிவப்புப் போர்வை போட்ட மாசாய் இளைஞர்கள் எம்பி எம்பிக் குதித்து ஆடினார்கள். இரண்டு நிமிஷம். ஆயாவின் கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. இந்தக் கட்டுரை அதைப் பின்தொடர்ந்து போனதால் வந்தது.

முதலில் சொல். அரபியில் 'சஃபர்' என்றால் பயணம். நம் முஸ்லிம் சகோதரர்களிடம் இச்சொல் இன்றும் புழங்குகிறது (சஃபர் மாதம் வேறு, அதன் எழுத்தே வேறு). கிழக்கு ஆப்பிரிக்கக் கரையின் சுவாஹிலி மொழி அதை 'சஃபாரி' ஆக்கிக்கொண்டது. அங்கே இன்றைக்கும் மாமியார் வீட்டுக்குப் போனாலும் சஃபாரிதான். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆங்கிலத்துக்குள் போனபோது சொல் சுருங்கியது. பயணம் போனவர் யார், சுமை தூக்கியவர் யார் என்ற பிரிவு அதற்குள் ஏறிக்கொண்டது. அமெரிக்க ஜனாதிபதிப் பதவியை விட்டிறங்கிய தியடோர் ரூஸ்வெல்ட் 1909இல் மகனோடு கிழக்கு ஆப்பிரிக்கா போனார். அருங்காட்சியகத்துக்கு மாதிரிகள் சேகரிக்கும் அறிவியல் பயணம் என்று பெயர். அப்பனும் மகனுமாகச் சுட்ட விலங்குகள் மட்டும் 512. கணக்கை அவரே எழுதி வைத்திருக்கிறார். கூட நடந்த நூற்றுக்கணக்கான சுமையாளிகள் அந்தக் கதையில் வரிசையாக நடந்துபோகும் ஒரு பின்னணி, அவ்வளவுதான்.

இன்றைய பயணி துப்பாக்கி எடுத்துப் போவதில்லை. ஆனாலும் வேட்டையின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. 'பெரிய ஐந்து' என்று எல்லாச் சஃபாரிக்காரர்களும் விரல் மடக்குகிறார்களே, சிங்கம், சிறுத்தை, யானை, காண்டாமிருகம், எருமை என்று. அது உருவத்தை வைத்துப் போட்ட பட்டியல் இல்லை. இருந்திருந்தால் ஒட்டகச்சிவிங்கிக்கும் நீர்யானைக்கும் இடம் கிடைத்திருக்கும். காலால் நடந்துபோய்ச் சுடுவதற்கு எவை ஆபத்தானவை என்று வேட்டைக்காரன் போட்ட பட்டியல் அது. துப்பாக்கி போனது, பட்டியல் நின்றுவிட்டது. சூசன் சொன்டாக் புகைப்படம் பற்றிய தம் 1977ஆம் ஆண்டு நூலில் சஃபாரியில் துப்பாக்கி காமிராவாக உருமாறியதைச் சற்றுக் கிண்டலாகவே பேசுகிறார். பிரெஞ்சில் 'சஃபாரி ஃபோட்டோ' என்றே ஒரு வழக்கு உண்டு.

இந்த உருமாற்றம் ஒரே மனிதருக்குள் நிகழ்ந்ததையும் பார்க்கலாம். கார்ல் ஏக்லி நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்காக ஆப்பிரிக்க விலங்குகளைச் சுட்டுப் பாடம் செய்து கண்ணாடிப் பெட்டிக்குள் நிறுத்தியவர். காட்டில் படமெடுக்கத் தோதான ஒரு சினிமா காமிராவையும் அவரே உருவாக்கினார். 1921இல் கொரில்லாக்களைச் சுட்டவர், அவற்றைக் காப்பாற்ற வேண்டுமென்று பெல்ஜிய அரசரிடம் வாதாடி 1925இல் காங்கோவில் ஆல்பர்ட் தேசியப் பூங்கா உருவாகக் காரணமானார். இன்றைய விருங்கா அதுதான். சுடுவது, பாடம் செய்வது, படமெடுப்பது, காப்பது. நான்கும் ஒரே கையின் வேலைகள். டோனா ஹாராவே இந்த அருங்காட்சியகத்தை 1984இல் ஒரு பிரதியாக எடுத்து வாசித்தார். விலங்கைப் பற்றிச் சொல்வதாகத் தோன்றும் அந்தக் கண்ணாடிப் பெட்டிகள் உண்மையில் வெள்ளை ஆண்மை தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்ட கதை என்று காட்டினார். (கண்ணாடிப் பெட்டி என்றதும் எங்கள் ஊர் ஞாபகம் வருகிறது. எங்கள் மண்ணுக்குள் இருந்த பெருங்கற்கால ஈமக் குழிகளைத் தோண்டிய கசால் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதி 1956இல் பாரீஸில் வெளியான நூலின் தலைப்பிலேயே சுத்துக்கேணி இருக்கிறது. நூலின் பெயர் தெரிந்தவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர் இருந்தால் அதிகம்.)

சரி, ஆயாவின் கேள்விக்கு வருவோம். மேய்ப்பவர்கள் எங்கே?

1880களின் பிற்பகுதியில் எரித்ரியாப் பக்கமாக ஆப்பிரிக்காவுக்குள் மாட்டு நோய் ஒன்று நுழைந்தது. நம் ஊரில் அதற்கு வெக்கை என்று பெயர். இத்தாலியப் படைகளுக்காகக் கொண்டுவந்த மாடுகளோடு அது வந்ததாகப் பொதுவாகச் சொல்வார்கள். அந்த மாடுகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்றும் சொல்வதுண்டு. பத்தே ஆண்டுகளில் நோய் தெற்கு முனைவரை போய்விட்டது. மாடுகள் மாத்திரமில்லை, காட்டெருமையும் வில்டபீஸ்ட்டும் மடிந்தன. மாட்டையே நம்பியிருந்த மாசாய்கள் பஞ்சத்திலும் பின்னால் வந்த அம்மையிலும் கூட்டம் கூட்டமாய்ச் செத்தார்கள். அந்த வருஷங்களை 'எமுத்தாய்' என்கிறார்கள். துடைத்தழிப்பு என்று பொருள். மேய்ச்சல் நின்ற இடத்தில் புதர் மண்டியது, புதரோடு தூக்கநோய் பரப்பும் செட்சி ஈ வந்தது, மிச்சமிருந்தவர்களும் விலகிப் போனார்கள்.

ஐரோப்பிய நிர்வாகிகளும் வேட்டைக்காரர்களும் வந்து 'மனிதக் கால் படாத ஆதி வனம்' என்று கண்டது இந்தப் பூமியைத்தான். அவர்கள் பார்த்தது ஒரு கொள்ளைநோயின் மறுநாள். காலியாக்கப்பட்ட நிலத்தைக் காலியான நிலம் என்று வாசித்தார்கள். செயப்பாட்டு வினையைத் தன்வினையாக மாற்றிவிடும் இந்தச் சின்ன இலக்கண மாற்றத்தில்தான் ஒரு சொல்லாடல் முழுதும் உட்கார்ந்திருக்கிறது. ஆயா 'இருக்க மாட்டாங்களா, இருக்க வுடலயா' என்று பிரித்தது அதைத்தான்.

1951இல் செரெங்கெட்டி தேசியப் பூங்காவானது. 1959இல் மாசாய்கள் அதிலிருந்து வெளியேற்றப்பட்டு கோரோங்கோரோப் பகுதிக்கு அனுப்பப்பட்டார்கள். அதே ஆண்டு ஜெர்மானிய விலங்கியலாளர் பெர்னார்ட் கிரிசிமெக் 'செரெங்கெட்டி சாகக்கூடாது' என்ற ஆவணப்படத்தை வெளியிட்டார். வரிக்குதிரைபோல் பட்டை தீட்டிய சிறு விமானத்திலிருந்து மந்தைகளை எண்ணும் படம் அது. மறு ஆண்டு ஆஸ்கார் கிடைத்தது. உலகம் அந்தப் படத்தின் வழியாகத்தான் செரெங்கெட்டியைக் கற்றுக்கொண்டது. மேலிருந்து, மனிதர் இல்லாமல்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. 1961இல் செரெங்கெட்டியில் வில்டபீஸ்ட்டுகள் ஏறத்தாழ இரண்டரை லட்சம். 1970களின் முடிவில் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல். என்ன நடந்தது? பூங்காவைச் சுற்றியிருந்த மாடுகளுக்கு வெக்கைத் தடுப்பூசி போட்டார்கள். கென்யாவில் வால்டர் பிளோரைட் உருவாக்கிய தடுப்பூசி அந்த வேலையில் பெரும்பங்கு வகித்தது. மாட்டில் நோய் நின்றதும் காட்டு விலங்கிலும் நின்றது, மந்தை பெருகியது. அண்ணன் மாரா ஆற்றங்கரையில் மூச்சடக்கிப் பார்த்த அந்த வெள்ளம், மனிதன் ஒதுங்கியதால் வந்த காட்சியில்லை. மேய்ப்பவர்கள் தங்கள் மாடுகளை ஊசிக்குக் காட்டியதால் வந்த காட்சி. சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் தொழுவத்திலிருந்து தொடங்குகிறது அது. உலகத்திலிருந்து வெக்கை ஒழிந்துவிட்டதாக 2011இல் அறிவித்தார்கள். ஆயாவிடம் சொன்னேன். "எங்க அப்பன் காலத்துல ஒரே வாரத்துல ஏழு உருப்படி போச்சு" என்றது. அதோடு பேச்சை முடித்துக்கொண்டது.

வெளியேற்றமும் பழங்கதையாகிவிடவில்லை. 2022 ஜூனில் தான்சானியாவின் லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை விலங்குக்காப்பு நிலமென்று எல்லைக்கல் நட வந்தபோது மாசாய்கள் எதிர்த்தார்கள். துப்பாக்கிச் சூடு நடந்தது, ஒரு போலீஸ்காரர் இறந்தார், காயம்பட்டவர்கள் எல்லை தாண்டிக் கென்யாவுக்கு ஓடினார்கள்.

ஆப்பிரிக்கா தூரம். நமக்கு முதுமலை இருக்கிறது. 1940இல் சரணாலயமான காடு, தென்னிந்தியாவில் முதலாவது. 2007இல் புலிகள் காப்பகம். தெப்பக்காட்டில் வனத்துறை வண்டியில் ஏறினேன். காலை ஆறரை, நல்ல குளிர். எனக்குப் பக்கத்தில் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று. முதல் புள்ளிமானுக்கு வண்டியே எழுந்து நின்றது. பத்தாவது மானுக்கு ஒருத்தரும் திரும்பவில்லை. இருபதாவது மானுக்கு அந்தக் குடும்பத்துப் பையன், "மறுபடியும் மானாப்பா?" என்று சலித்துக்கொண்டான். அரைமணி நேரத்தில் ஒரு விலங்கு செல்லாக்காசாகிவிடுகிறது. எதிரே வரும் வண்டிக்காரரைப் பார்த்து எல்லாரும் கேட்பது ஒன்றே: "புலி பாத்தீங்களா?" அந்த வண்டியிலிருந்தும் அதே கேள்வி வருகிறது. காட்டெருமை ஒன்று, மந்தி, மயில். ஒரு யானையின் பின்பக்கம். திரும்பிவிட்டோம்.

இறங்கியபின், முன்னால் உட்கார்ந்து வந்த காவலரிடம் பேச்சுக் கொடுத்தேன். அந்தக் காட்டிலேயே பிறந்தவர். "புலி நிறையப் பாத்திருப்பீங்களே அண்ணா?"

"புலிய நாங்க தேட மாட்டோம் சார். மந்தி கத்துற கத்துல தெரிஞ்சிரும். தெரிஞ்சா அந்தப் பக்கம் போக மாட்டோம். அதுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும்."

பியர்ஸின் குறியியலில் சுட்டுக்குறி என்றும் உருக்குறி என்றும் ஒரு பாகுபாடு உண்டு. புகை நெருப்பைச் சுட்டும். படம் பொருளைப்போல இருக்கும். காவலருடைய காடு சுட்டுக்குறிகளால் ஆனது. கத்தல், மணம், காலடி, ஒடிந்த கொம்பு. அவருக்குப் புலியைப் பார்க்காமல் இருப்பதுதான் புலியைப் பற்றிய அறிவு. வண்டியில் வந்த எங்களுக்கோ ஏற்கெனவே காலண்டரில் பார்த்த உருவம் நேரில் வந்து தன்னை ஒப்பித்துவிட்டுப் போக வேண்டும். பயணக் குறிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். நாலு மணிக்கு எழுந்தோம், குளிர், வெகுநேரம் ஒன்றுமில்லை, நம்பிக்கை போனது, அப்போது வழிகாட்டி கையைக் காட்டினார், அது எங்கள் கண்ணுக்குள் பார்த்தது, நாங்கள் மௌனமானோம். கென்யாவானாலும் கபினியானாலும் கதையாடல் இதுவே. 'வழிகாட்டி கையைக் காட்டினார்' என்ற வாக்கியத்தில் மாத்திரம் உள்ளூர்க்காரர் வருவார், கையாக. ஜான் பெர்ஜர் 1980இல் தொகுதியாக வந்த கட்டுரையொன்றில், நவீன மனிதனுக்கும் விலங்குக்கும் இடையில் பரிமாறப்பட்ட பார்வை அணைந்துவிட்டது என்கிறார். அணைந்துபோனதைக் காசு கொடுத்து ஒரு கணம் ஏற்றிக்கொள்ளும் ஆசை இந்தக் 'கண்ணுக்குள் பார்த்தது' என்பதில் இருக்கிறது.

நம் மரபில் இப்படி இல்லை என்று சட்டென்று சொல்லிவிட ஆசைதான். தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அது எளிது. திணைக் கோட்பாட்டில் புலியும் யானையும் கருப்பொருள். தெய்வம், உணவு, பறை, மக்கள், தொழில் எல்லாவற்றோடும் சேர்ந்தே வரும். மனிதரை வெட்டியெடுத்த குறிஞ்சி என்று ஒன்று இல்லை. இவ்வளவும் உண்மை. ஆனால் தொல்காப்பியம் சொல்லும் உள்ளுறையை நினைத்துப் பாருங்கள். தெய்வம் நீங்கலான கருப்பொருள்களை இடமாகக் கொண்டு அது தலைவனையோ தலைவியையோ பேசுகிறது. அங்கே யானையும் யானைக்காக நிற்கவில்லை, அகத்தின் வேலையைச் செய்கிறது. பாடல் வேறு, பூங்கா வேறு. எனினும் சங்கப் பாடலைச் சூழலியல் சான்றிதழாக நீட்டும் இன்றைய கட்டுரைகளிடம் எனக்கு உடன்பாடில்லை. விலங்கை அதற்காகவே பார்த்தவர் என்று தமிழில் ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் மா. கிருஷ்ணனைச் சொல்வேன். கறுப்பு வெள்ளையில், சொந்தமாகச் சேர்த்துப் பூட்டிய காமிராவில், பல்லாண்டு முதுமலைக் காட்டில் காத்துக் கிடந்தவர். 1996இல் இறக்கும்வரை எழுதியவர். பெரிய விலங்குக்கு ஒரு மரியாதை, அணிலுக்கு ஒரு மரியாதை என்ற பேதம் அவரிடம் கிடையாது.

முதுமலையில் மனிதர்கள் காட்சிக்குள் வந்துவிட்டார்களே என்று கேட்கலாம். தெப்பக்காட்டு யானைகள் முகாமின் காட்டுநாயக்கர் தம்பதி பொம்மன், பெள்ளி பற்றிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' 2023இல் ஆஸ்கார் பெற்றது. பெள்ளிக்கு அவ்வாண்டே அரசு காவடி வேலை கொடுத்தது. காவடி என்றால் பாகனுக்கு உதவியாள். கிரிசிமெக்கின் படத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய நகர்வு. மேலிருந்த காமிரா தரைக்கு, அடுப்படிக்கு இறங்கியிருக்கிறது. குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஏப்ரலில் பிரதமர் பந்திப்பூரில் சஃபாரி போனார், தொப்பி, கையில்லாத மேலங்கி, பாக்கெட்டுகள் சகிதம். பிறகு தெப்பக்காடு வந்து அவர்களைச் சந்தித்தார். ஆனால் யானையை வளர்க்கும் ஆதிவாசி உலகத்துக்கு உவப்பானவர். அதே காட்டில் மாடு மேய்க்கிற, விறகு பொறுக்குகிற, தேனெடுக்கிற, பட்டா கேட்கிற ஆதிவாசி? முதுமலையின் உள்கிராமங்களிலிருந்து குடும்பங்களை வெளியே குடியமர்த்தும் வேலை பல ஆண்டுகளாக நடந்தது. தேசியத் திட்டத்தில் குடும்பத்துக்குப் பத்து லட்சம், 2021இல் பதினைந்தாக்கினார்கள். ஆவணங்களில் அதற்குப் பெயர் 'தன்விருப்ப இடமாற்றம்'. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் யாரையும் நகர்த்தக்கூடாது என்கிறது. ரோடு போடாமல், ஆஸ்பத்திரி வராமல் இருபது வருஷம் காத்திருந்தவனிடம் போய் விருப்பமா என்று கேட்டால் அவன் சொல்லும் 'ஆமா'வை எந்தக் குறியியலில் வாசிப்பது? சிலர் நிஜமாகவே போக விரும்பினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பிள்ளை படிக்க வேண்டும் என்ற ஆசை காட்டுக்குள் மட்டும் இல்லாமல் போய்விடுமா என்ன. ராமச்சந்திர குஹா 1989இல் எழுதிய கட்டுரையில் புலிகள் திட்டத்தைப் பற்றி எழுப்பிய கேள்வி இன்னும் பதிலில்லாமல் கிடக்கிறது: காப்பதன் செலவை யார் கொடுக்கிறார்கள், பார்ப்பதன் இன்பம் யாருக்குப் போகிறது?

2021இல் மசினகுடியைச் சுற்றி நடந்த இரண்டு சம்பவங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஜனவரியில், தங்கும் விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசினார்கள். அது காதில் மாட்டி எரிந்தபடியே ஓடியது. ஏற்கெனவே காயம்பட்டிருந்த அந்த யானையை ஜனவரி 19இல் தெப்பக்காட்டுக்கு லாரியில் கொண்டுபோகும்போதே செத்துவிட்டது. யானையைப் பார்க்கக் காசு கொடுத்து வருபவர்களுக்காகக் கட்டிய ஊரில், யானை கிட்டே வந்தது குற்றமாயிற்று. (யானை வழித்தடத்திலிருந்த விடுதிகளுக்கு எதிராக உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது.) செப்டம்பர், அக்டோபரில் டி23 என்ற புலி. மாடுகளை, பிறகு மனிதர்களை அடித்தது. கொன்றுவிடுங்கள் என்று ஊர் மறியல் செய்தது. கொல்லாதீர்கள் என்று நகரம் எழுதியது. உயிரோடு பிடிக்க முயலுங்கள் என்றது உயர் நீதிமன்றம். இருபத்தொரு நாள் தேடி அக்டோபர் 15இல் பிடித்து மைசூருக்கு அனுப்பினார்கள். தடம் பார்த்துச் சொன்னவர்களில் அந்தக் காட்டு ஆதிவாசிகள் உண்டு. அந்தப் புலி ஒரு மாதம் முன்னால் எங்கள் வண்டிக்குக் குறுக்கே நடந்திருந்தால், ஈரோட்டுப் பையன் ஆயுள் முழுக்க அதைச் சொல்லிக்கொண்டிருப்பான். ஒரே விலங்கு, வண்டிக்குள் இருப்பவனுக்கு அதிர்ஷ்டம், மாட்டுக்குப் பின்னால் நடப்பவனுக்குச் சாவு. இந்த இரண்டு பார்வைக்கும் நடுவே இருக்கும் தகரத்தின் பெயர்தான் சஃபாரி.

மறுநாள் காலை அண்ணனை ஊசுடு ஏரிக்குக் கூட்டிப் போனேன். எங்கள் ஊரிலிருந்து வண்டியில் கொஞ்ச தூரம். 2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஏரி. பாதி நம்முடையது, பாதி தமிழ்நாட்டுடையது. பனி விலகிக்கொண்டிருந்தது, நல்ல கூட்டம், நாமக்கோழி, நீர்க்காகம், வாத்துகள். அண்ணன் மூட்டையிலிருந்து நீளமான லென்ஸை எடுத்து மாட்டினார். கரையில் ஒரு பெரியவர் இரண்டு மாடுகளோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் கண்ணைக் காமிராவிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"தம்பி, அந்தத் தாத்தாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன்."

நான் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. மாட்டைத் தட்டிக்கொண்டு இடதுபக்கமாக நகர்ந்தார். பாரீஸ் போனபிறகு அண்ணன் அந்தப் படத்தை அனுப்பியிருந்தார். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது. ஓரத்தில் ஒரு வால் மட்டும் விழுந்திருக்கிறது.